ரத்தம் எடுக்க அஞ்சு நிமிஷம் கூடவா இல்லை?

ஐசியு வாசலில் நிற்கும் சொந்தக்காரர்களிடம் டியூட்டி டாக்டர் சொல்வது பெரும்பாலும் ஒரே வசனம்தான். "கிருமி ரத்தத்துல கலந்துடுச்சு. ஹையர் ஆன்டிபயாடிக் போட்டிருக்கோம்." கேட்பவர்களுக்குப் பாதி உயிர் திரும்பி வரும். ஹையர் என்றால் உசத்தி, உசத்தி என்றால் நல்லது! எந்தக் கிருமி என்று கேட்க அந்த நேரத்தில் யாருக்குத் தோன்றும்? கேட்டாலும் பல இடங்களில் பதில் இருக்காது. மருந்து ஏற்றுவதற்கு முன்னால் கல்ச்சருக்கு ரத்தமே எடுத்திருக்க மாட்டார்கள்.

இதற்கு ரெடிமேடாக ஒரு நியாயம் வைத்திருக்கிறார்கள். "உயிர் போற நேரத்துல ரிசல்ட்டுக்குக் காத்திருக்க முடியுமா?" முடியாதுதான். யார் காத்திருக்கச் சொன்னது? ரத்தம் எடுப்பது வேறு, ரிசல்ட்டுக்குக் காத்திருப்பது வேறு. இரண்டு இடத்தில் ஊசி குத்தி, பாட்டிலுக்குப் பத்து மில்லி போல எடுத்து வைத்துவிட்டு, கையோடு ஆன்டிபயாடிக்கை ஆரம்பிக்க வேண்டியதுதானே. ஷாக்கில் இருக்கும் நோயாளிக்கு ஒரு மணி நேரத்துக்குள் மருந்து போக வேண்டும் என்கிறது 2021இன் சர்வதேச செப்சிஸ் வழிகாட்டி. அந்த ஒரு மணி நேரத்தில் இந்த அஞ்சு நிமிஷமும் அடக்கம்.

மருந்து ஏறிய பிறகு எடுத்தால் என்ன என்பார்கள். 2019இல் வந்த ஒரு வட அமெரிக்க ஆய்வில் அதே நோயாளிகளிடம் இரண்டு முறையும் எடுத்துப் பார்த்தார்கள். மருந்துக்கு முன்னால் 31 சதவீதம் பேருக்குக் கிருமி தெரிந்தது. மருந்து ஆரம்பித்து இரண்டு மணி நேரத்துக்குள் எடுத்ததிலேயே அது 19 சதவீதமாக இறங்கிவிட்டது. கிருமி செத்து நோயாளி குணமாகிவிட்டார் என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஆள் அடையாளம் போய்விட்டது, அவ்வளவுதான்.

அடையாளம் தெரியாவிட்டால் மூன்றாம் நாள் மருந்தை மாற்ற வழியில்லை. மெரோபெனம் எட்டு மணிக்கொரு முறை ஏறிக்கொண்டே இருக்கும், சாதாரண மருந்துக்கே அடங்கியிருக்கக்கூடிய கிருமியாக இருந்தாலும். கல்ச்சர் எடுத்த இடத்திலும் ரிசல்ட் ஃபைலில் தூங்கும் கதை உண்டு. "தேறிட்டு வர்றாரே, எதுக்கு மாத்தணும்?" இதில் கணக்கும் இருக்கிறது. கல்ச்சர் பில்லில் ஒரே ஒரு வரி. விலை கூடிய ஊசியோ தினம் மூன்று வரி, பத்து நாளைக்கு. யாரும் சதி செய்கிறார்கள் என்று சொல்ல வேண்டாம். மருந்தைக் குறைக்கச் சொல்லி அந்த பில் யாரையும் நெருக்குவதில்லை, அது போதாதா?

செலவு அந்த ஒரு பில்லோடு நிற்பதும் இல்லை. மெரோபெனம் போன்ற மருந்துகளையே உடைத்துப் போடும் என்டிஎம்-1 பற்றிய கட்டுரை 2010இல் வந்தபோது, புது டெல்லி பேரை எப்படி வைக்கலாம் என்று நாடாளுமன்றம் வரை கொதித்தார்கள். அதன் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்துக்காரர். அதில் பேசப்பட்ட கிருமிகளில் 44 சென்னையில் எடுத்தவை. பேருக்குக் காட்டிய ரோஷத்தில் பாதியைக் கிருமிக்குக் காட்டியிருக்கலாம். அந்தக் கிருமி வந்து உட்கார்ந்துவிட்டால் கடைசியில் கோலிஸ்டினைத் தேடி ஓட வேண்டியிருக்கிறது. சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று ஒரு காலத்தில் ஓரங்கட்டி வைத்த மருந்து அது.

"எங்க நர்சிங் ஹோம்ல அந்த லேப் வசதி இல்லை" என்பதுதான் கடைசிச் சாக்கு. பயாப்சி சதைத்துண்டு மட்டும் பக்கத்து டவுனுக்குப் போய் ரிப்போர்ட்டோடு வருகிறதே, அது எப்படி? கல்ச்சர் பாட்டிலை ஃப்ரிட்ஜில் கூட வைக்க வேண்டாம் (வைக்கவும் கூடாது). சாதாரண அறையில் சில மணி நேரம் தாங்கும். ராத்திரி மூன்று மணிக்கு எடுத்ததைக் காலையில் முதல் பஸ்ஸில் கொடுத்தனுப்பலாம்.