முதலில் குரல், பிறகு கோப்பு

சிறையில் இருக்கும் விசாரணைக் கைதி திரை வழியாக நீதிபதி முன் நிற்பது இன்று சாதாரணக் காட்சி. 2020 ஏப்ரல் 6 அன்று, கொரோனா ஊரடங்கின்போது, வீடியோ கான்ஃபரன்சிங்கைப் பரவலாகப் பயன்படுத்த உச்ச நீதிமன்றம் வழிவகுத்தது. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 530-வது பிரிவு, வழக்கு விசாரணையையே மின்னணு முறையில் நடத்த அனுமதிக்கிறது. ஆனால் “நான் அங்கே இல்லை” என்று கைதி சொல்லும்போது கடைசிச் சொல் மட்டும் விழுங்கப்பட்டால்?

கோளாறு என்றதும் எழும் கோரிக்கை, வேகத்தைக் கூட்டுங்கள் என்பதுதான். பல இடங்களில் பிரச்சினை வேகம் அல்ல, வரிசை. விநாடிக்கு 4 மெகாபிட் இணைப்பில் யாரோ ஸ்கேன் செய்த ஆவணங்களை அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். ரூட்டரில் 500 கிலோபைட் தேங்கினால், அது கரைய ஒரு விநாடி ஆகும். பின்னால் வரும் குரலும் அதுவரை காத்திருக்கும். இயல்பான உரையாடலுக்குத் தாமதம் 150 மில்லி விநாடிக்குள் இருப்பது நல்லது என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம். கோப்பு ஒரு விநாடி பிந்தினால் யாருக்கும் நஷ்டமில்லை. தொலைந்த பகுதி மறுபடி அனுப்பப்படும். பிந்தி வரும் பேச்சுக்கோ குப்பைத்தொட்டிதான்.

ரயில்வே இதற்கு எப்போதோ விடை கண்டது. ராஜதானி வரும்போது சரக்கு ரயில் லூப் லைனில் ஒதுங்கும். அதற்காகப் புதுத் தண்டவாளம் போடுவதில்லை. நெட்வொர்க்கிலும் அப்படியே. ஒவ்வொரு தகவல் பாக்கெட்டின் முகப்பிலும் 6 பிட் இடம் இருக்கிறது. அதில் 64 விதமான முத்திரைகள் குத்தலாம்; 1998-ல் வந்த தர நிர்ணயம் இது. வழக்கமாகக் குரலுக்கு 46, கான்ஃபரன்ஸ் வீடியோவுக்கு 34. கருவி முத்திரை குத்த வேண்டும், ஸ்விட்ச் அதை அழிக்கக் கூடாது, ரூட்டர் அதற்குத் தனி வரிசை தர வேண்டும். ஒன்று தவறினாலும் பயனில்லை. ரூட்டர் தான் வெளியே அனுப்புவதைத்தான் ஒழுங்குபடுத்த முடியும் என்பதால் சிறை, நீதிமன்றம் இரண்டிலும் இதைச் செய்தாக வேண்டும்.

இதற்கும் எல்லைகள் உண்டு. முதல் வரிசைக்கு உச்சவரம்பு தேவை. இணைப்பில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது பொறியாளர்களின் வழக்கம். எல்லா அதிகாரிகளின் கம்ப்யூட்டருக்கும் முன்னுரிமை கொடுத்தால், 2017-ல் அகற்றப்பட்ட சிவப்பு விளக்குக் கார்களின் கதைதான். சொந்த நெட்வொர்க்கையோ, ஒப்பந்தம் போட்ட குத்தகை இணைப்பையோ தாண்டிப் பொது இணையத்தில் நுழைந்துவிட்டால், இந்த முத்திரையைப் பெரும்பாலும் யாரும் மதிப்பதில்லை.

யார் காத்திருப்பது என்பதை டெக்னீஷியன் மட்டும் தீர்மானிக்கக் கூடாது. நிர்வாகம் அதை எழுத்தில் தர வேண்டும். சரிபார்ப்பது எளிது: சோதனை அழைப்பு ஒன்றை இணைத்துவிட்டு, அதே அலுவலகத்திலிருந்து பெரிய கோப்பு ஒன்றை அனுப்பிப் பாருங்கள். குரல் உடைந்தால், கூடுதல் மெகாபிட்டுக்குப் பணம் கேட்கும் முன் வரிசையைச் சரிசெய்யுங்கள்.