பிணவறைக்கு ஓடுகிறோம், வார்டுக்கு ஏன் போவதில்லை?

தோழர்களே, மலக்குழியில் இறங்கி ஒருவர் செத்தால் ஒரு மணி நேரத்தில் நமக்குத் தகவல் வந்துவிடுகிறது. பிணவறை வாசலில் கூடுகிறோம். வழக்குப் பதியும்வரை உடலை வாங்க மாட்டோம் என்று உட்காருகிறோம். அது சரியான போராட்டம். ஆனால் அதே குழியிலிருந்து உயிரோடு தூக்கப்பட்டவர் எந்த வார்டில் கிடக்கிறார், அவர் பக்கத்தில் யார் இருக்கிறார் என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

எங்களுக்கும் தெரிந்திருக்கவில்லை. அந்த அக்காவை நாங்கள் முதலில் பார்த்தது சம்பவம் நடந்த பத்தொன்பதாம் நாள். அருந்ததியர் குடும்பம். ஒரு குடியிருப்பின் கழிவுநீர்த் தொட்டியில் இரண்டு பேரை இறக்கினார்கள். ஒருவர் அங்கேயே இறந்தார். அவர் வீட்டுக்கு மூன்று முறை போயிருந்த நாங்கள், பிழைத்தவரை ஒருமுறைகூட எட்டிப் பார்க்கவில்லை. "அவருதான் பொழச்சிட்டாரே, அதான் யாரும் வரல போல தம்பி" என்றார் அக்கா.

பிழைப்பது என்றால் என்னவென்று அந்த வார்டில்தான் கற்றுக்கொண்டோம். விஷவாயுவில் மயங்கியவருக்கு மூளைக்கு ஆக்சிஜன் போகவில்லை. நுரையீரலில் சாக்கடை நீர். தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்தார்கள். வென்டிலேட்டரை எடுத்து வார்டுக்கு மாற்றிய ஒன்பதாம் நாள் காய்ச்சல், கிருமித் தொற்று, மறுபடி ஐ.சி.யூ. திரும்பி வந்ததும் முதுகில் படுக்கைப் புண். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் விரலை அசைத்தவர், வலிப்பு வந்தபின் அதையும் நிறுத்திவிட்டார். விரல் அசைந்த அன்று மகளுக்குப் போன் போட்டு அழுத அக்கா, வலிப்பு வந்த வாரம் மகள் கூப்பிட்டபோது போனை எடுக்கவே இல்லை.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். மூக்குக் குழாயில் கஞ்சி ஊற்ற வேண்டும். டயப்பர் மாற்ற வேண்டும். இரவில் வராண்டாவில் செய்தித்தாள் விரித்துப் படுக்க வேண்டும். அக்கா வேலை பார்த்த நான்கு வீடுகளில் மூன்று வேறு ஆள் வைத்துக்கொண்டன. அரசு மருத்துவமனையில் சிகிச்சை இலவசம்தான். போன கூலியையும் வீட்டு வாடகையையும் யார் கொடுப்பது?

பக்கத்துப் படுக்கைக்காரர்கள் அக்காவைச் சாவித்திரி என்கிறார்கள். அந்தப் பாராட்டு நமக்கு வேண்டாம். அவர் விதியோடு போராடவில்லை. சட்டத்தை மீறித் தொட்டியில் ஆளை இறக்கியவன் செய்த குற்றத்தின் செலவை, கூலியில்லாமல் தன் உடம்பால் கட்டிக்கொண்டிருக்கிறார். இதைத் தியாகம் என்று சொல்லிவிட்டால் குற்றவாளி கணக்கிலிருந்து தப்பிவிடுவான்.

ஒப்பந்தக்காரர் வார்டுக்கு எப்போது வந்தார் தெரியுமா? இரண்டாம் முறை ஐ.சி.யூ.வுக்குக் கொண்டுபோன இரவில். "இனி தேற மாட்டாரும்மா, கையெழுத்துப் போட்டு ஐம்பதாயிரம் வாங்கிக்க." நோயாளி எப்போது சறுக்குவார், மனைவி எப்போது உடைந்து நிற்பார் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. நமக்குத் தெரியவில்லை.

இது சேவை, அரசியல் இல்லை என்று சில தோழர்கள் சொல்கிறார்கள். ஆவணங்களைப் பாருங்கள். முதல் தகவல் அறிக்கையில் இறந்தவர் பெயர் மட்டும் இருந்தது, இவர் பெயர் இல்லை. மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டில், அதாவது ஏ.ஆர். நகலில், "மயங்கி விழுந்தார்" என்று மட்டும் எழுதியிருந்தது. கொண்டுவந்து சேர்த்த ஒப்பந்தக்காரரின் ஆள் அப்படிச் சொல்லியிருக்கிறார். தொட்டி என்ற சொல்லே இல்லை. தொட்டிக்குள் நடந்ததைச் சொல்லக்கூடிய ஒரே சாட்சி அந்தப் படுக்கையில் கிடக்கிறார். அக்கா அன்றிரவு கையெழுத்துப் போட்டிருந்தால் வழக்கே ஆட்டம் கண்டிருக்கும்.

2013ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவதைத் தடை செய்கிறது. 2023 அக்டோபர் 20 அன்று உச்ச நீதிமன்றம், இறந்தால் 30 லட்சம், பிழைக்க வழியில்லாத அளவுக்கு நிரந்தரமாக முடங்கினால் குறைந்தது 20 லட்சம், மற்ற இயலாமைகளுக்குக் குறைந்தது 10 லட்சம் இழப்பீடு என்றது. ஆனால் இயலாமை எவ்வளவு என்று மருத்துவர்கள் சொல்ல மாதங்கள் ஆகும். நாளுக்கு நாள் ஏறி இறங்கும் நோயாளிக்கு இன்னும் தாமதமாகும். அந்த மாதங்களில்தான் கையெழுத்து வாங்கப்படுகிறது.

ஆகவே நம் வேலைமுறை மாற வேண்டும். உண்மையறியும் குழு பிணவறைக்குப் போகும் அதே நாளில் வார்டுக்கும் போக வேண்டும். ஏ.ஆர். நகலை வாங்கிப் படித்து, தவறு இருந்தால் அன்றே எழுத்தில் மனு கொடுக்க வேண்டும். காயமடைந்தவர் பெயர் வழக்கில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முறைவைத்து இரவுக்கு ஒருவர் படுக்கையருகே இருக்க வேண்டும். துணைக்கு இருப்பவர் ஒரு ராத்திரியாவது வீட்டில் தூங்கட்டும். உடனிருந்து பார்ப்பவரின் கூலியை முதல் நாளிலிருந்தே இடைக்கால நிவாரணமாகக் கொடு என்பது நம் கோரிக்கைப் பட்டியலில் ஏற வேண்டும்.

இன்று 74ஆம் நாள். நேற்று மறுபடி காய்ச்சல். அக்கா இன்னும் எதிலும் கையெழுத்துப் போடவில்லை. இன்றிரவு முறை எங்களில் ஒருவருக்கு. நாளை இரவுக்கு ஆள் தேவை. வாருங்கள்.

ஜெய்பீம்.