சீகன்பால்கை இரண்டாக வெட்ட வேண்டாம்

1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் கப்பலிலிருந்து இறங்கிய ஜெர்மானியப் பாதிரியார் ஒருவர், தமிழ் எழுத்தில் இன்றுவரை ஒரு பெயரில் நிலைபெறவில்லை. சீகன்பால்கு, சீகன்பால்க், ஸீகன்பால்க், சீகன் பால்க், சீகன்பால்கு ஐயர் என்று நூலுக்கு நூல் மாறிக்கொண்டே இருக்கிறார்.

இத்தனைக்கும் அவர் தமிழ் அச்சு வரலாற்றில் தவிர்க்கவே முடியாதவர். சாக்சனியின் புல்ஸ்னிட்ஸ் ஊரில் 1682இல் பிறந்த பர்த்தலோமேயு சீகன்பால்கு, டென்மார்க் அரசர் நான்காம் பிரடெரிக் அனுப்பி வந்தவர். தரங்கம்பாடியில் அச்சகம் நிறுவி, 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார். லத்தீனில் அவர் எழுதிய தமிழ் இலக்கணம் 1716இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் வெளிவந்தது. 1719 பிப்ரவரி 23இல் இறந்தபோது அவருக்கு வயது 36தான். இவ்வளவு செய்தவரின் பெயரை ஒழுங்காக எழுதுவது நாம் செலுத்த வேண்டிய குறைந்தபட்ச மரியாதை.

எல்லாவற்றிலும் மோசமானது, ‘சீகன் பால்க்’ என்று நடுவே விடப்படும் இடைவெளி. ஜெர்மன் மொழியில் அது பிரிக்காமல் ஒரே சொல்லாக எழுதப்படும் குடும்பப் பெயர். பிரித்து அச்சிட்டால், சீகன் என்பது அவருடைய பெயர், பால்க் என்பது குடும்பப் பெயர் என்றுதான் வாசகர் எடுத்துக்கொள்வார். பர்த்தலோமேயு என்ற உண்மையான இயற்பெயர் காணாமல் போய்விடும். அடுத்த பத்தியில் யாராவது சுருக்கமாக ‘பால்க்’ என்று மட்டும் எழுதவும் வழி பிறக்கும். பெயரடைவில் அவர் சகரத்திலிருந்து பகரத்துக்குத் தாவிவிட்டால், தேடும் மாணவருக்கு எப்படிக் கிடைப்பார்?

ஈறு பற்றிய குழப்பம் அவ்வளவு கொடியதல்ல. ஆனாலும் தீர்க்க வேண்டியதே. தமிழ்ச் சொல் ககர மெய்யில் முடிவதில்லை. ‘சீகன்பால்க்’ என்று அச்சில் இருந்தாலும் வாய்விட்டுப் படிப்பவர் இறுதியில் ஓர் உகரத்தைச் சேர்த்தே சொல்கிறார். ஆகவே ‘சீகன்பால்கு’ என்பதே நம் நாவுக்கும் இலக்கணத்துக்கும் பொருந்தும் வடிவம். அப்படி முடியும்போது அது மார்பு, சால்பு போன்ற குற்றியலுகரச் சொல் ஆகிவிடுகிறது. மார்பை, மார்பின், மார்புக்கு என்று எழுதும் கை, சீகன்பால்கை, சீகன்பால்கின், சீகன்பால்குக்கு என்று எழுதத் தயங்க வேண்டியதில்லை. ‘சீகன்பால்குவின்’ என்று நடுவே வகரத்தை நுழைப்பது தேவையற்ற வேலை.

‘ஐயர்’ விஷயம் வேறு. சீர்திருத்தச் சபைக் குருமார்களைத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் அன்போடு அழைத்த மரபு அது. போப் ஐயர் என்பதும் அப்படி வந்ததே. திருச்சபை வெளியீடுகளில் அது இருக்கட்டும். பொது நாளிதழில், சூழல் அறியாத இளம் வாசகர் அதைச் சாதிப் பெயராக எண்ண இடமுண்டு. அங்கே ‘பாதிரியார்’ என்றால் போதும்.

தமிழுக்கு வந்த மற்ற ஐரோப்பியர் சிலருக்கு இந்தப் பெயர்ச் சிக்கல் எழவே இல்லை. பெஸ்கி வீரமாமுனிவராக நிலைத்தார். நொபிலி தத்துவ போதகர் ஆனார். எல்லிஸ் எல்லீசன் ஆனார். 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ நூலை அச்சிட்ட ஹென்ரிக்கசை அண்டிரிக் அடிகளார் என்று தமிழ் தன்வயப்படுத்திக்கொண்டது. சீகன்பால்கு தம் குடும்பப் பெயரோடே தமிழுக்குள் நிற்பவர். அதனால்தான் அந்தப் பெயரில் கூடுதல் கவனம் வேண்டும்.

பத்திரிகை அலுவலகங்களும் பாடநூல் குழுக்களும் இதற்கு ஒரு வரி விதி வகுத்துக்கொள்ளலாம்: முதல்முறை பர்த்தலோமேயு சீகன்பால்கு, அடுத்தடுத்த இடங்களில் சீகன்பால்கு, பிரிக்காமல். இதே கையோடு, 1779இல் தமிழ் - ஆங்கில அகராதி வெளியிட்ட பப்ரீஷியஸ் பெயருக்கும் ஓர் எழுத்துமுறையை முடிவுசெய்துவிட வேண்டும். அவரும் பெப்ரீசியஸ், பப்ரிசியுஸ் என்று அலைந்துகொண்டுதான் இருக்கிறார்.