சம்மன் எல்லாம் ஒன்றல்ல!

தோட்டத்துத் தோழர்களே! டாக்சி ஓட்ட பி.எஸ்.வி. லைசன்சு வேண்டும். 2019 அக்டோபரிலிருந்து கிராப் ஓட்டுகிறவருக்கும் அதுதான் சட்டம். "பழைய சம்மன் இருக்கே, லைசன்சு கிடைக்குமா?" என்று நம்ம பிள்ளைங்க தவிக்கிறார்கள்.

கண்ட இடத்தில் வண்டியை நிறுத்தி, வந்த சம்மனையும் கட்டி முடித்தவனுக்குப் பிழைப்பை மறுப்பது நியாயமில்லை. அவனுக்காக நாம் வாதாட வேண்டும். குடித்துவிட்டு ஓட்டியவன் கதை வேறு. 2020-இல் சட்டமே இறுகிவிட்டது. 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் மது 80 மில்லிகிராம் வரை என்றிருந்த அளவு 50-ஆகக் குறைந்தது. அவனுக்காகச் சிபாரிசுக் கடிதம் கேட்டு அலையாதீர்கள். பின் சீட்டில் உட்கார்ந்து ஆஸ்பத்திரிக்குப் போவது நம்ம ஆத்தாவாகவும் இருக்கலாம். சில வருசம் ஒழுங்காக ஓட்டிக் காட்டட்டும். அப்புறம் அவனுக்காகவும் கேட்போம்.