குழந்தையின் உறக்கமும் நம் கையிலுள்ள அமானிதமும்



இரவில் உறங்காத ஒரு குழந்தை வீட்டில் எவரையும் உறங்க விடுவதில்லை. பகலெல்லாம் அடுப்படியில் நின்ற தாய் இரவெல்லாம் தொட்டிலருகே நிற்கிறாள். விடிந்தால் வேலைக்குச் செல்ல வேண்டிய தந்தை சுவரில் சாய்ந்து கண்ணயர்கிறார். பார்க்க வரும் உறவினர்களோ தாய்ப்பாலில் குறை, வளர்ப்பில் குறை என்று தாயின் மீதே பழி போடுகிறார்கள். இத்தகைய நேரத்தில், "ஐந்தே நிமிடத்தில் சரி செய்து தருகிறேன்" என்று ஒருவர் சொன்னால் நம் மனம் அவர் பக்கம் சாய்வது இயல்பே. அந்தப் பெற்றோரைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. அவர்களுக்கு அளிக்கப்படும் வாக்குறுதியை மட்டுமே இங்கே ஆராய்கிறோம்.

அண்மைக் காலமாகக் கைப்பேசிகளில் வலம்வரும் காணொளிகளில், கழுத்தையும் முதுகையும் திருகி 'சடக்' என்று ஒலியெழுப்பும் கைரோபிராக்டிக் சிகிச்சையை நாம் காண்கிறோம். பெரியவர்களின் முதுகுவலிக்கென அறியப்பட்ட இம்முறை, குழந்தைகள் நன்றாக உறங்கவும் உதவும் என்று சிலர் விளம்பரம் செய்கிறார்கள். அந்த ஒலி எலும்பு தன் இடத்தில் சென்று பொருந்தும் ஒலியன்று. மூட்டுத் திரவத்தினுள் வாயுக் குமிழி உண்டாவதால் எழுவது. ஒலி கேட்டதாலேயே ஒரு கோளாறு நீங்கிவிட்டது என்று கொள்ள இயலாது.

1895-ஆம் ஆண்டு அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் டேவன்போர்ட் என்னும் ஊரில் டேனியல் டேவிட் பாமர் என்பவர் இம்முறையைத் தோற்றுவித்தார். முதுகெலும்பு சற்றே இடம் பிசகி நரம்புகளை அழுத்துவதே பெரும்பாலான நோய்களுக்குக் காரணம் என்பது அவருடைய கொள்கை. குழந்தையின் அழுகைக்கும் உறக்கமின்மைக்கும் முதுகெலும்பைக் காரணம் காட்டும் போக்கு இக்கொள்கையிலிருந்தே கிளைத்தது. பெரியவர்களின் இடுப்புவலிக்கு இச்சிகிச்சை ஓரளவு பயன் தருவதாக ஆய்வுகள் உண்டு. அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் பெரியவரின் இடுப்புவலிக்குக் கிடைத்த சான்று, பச்சிளம் குழந்தையின் உறக்கத்திற்குச் சான்றாகிவிடாது.

இக்கேள்வி நீதிமன்றம் வரை சென்றதுண்டு. குழந்தைகளின் வயிற்றுவலி, உறக்கக் கோளாறு, காதுத் தொற்று, ஆஸ்துமா முதலியவற்றை இம்முறையால் சரிசெய்யலாம் என்ற கூற்றுக்கு ஆதாரமில்லை என 2008-இல் அறிவியல் எழுத்தாளர் சைமன் சிங் பிரிட்டிஷ் நாளேடொன்றில் எழுதினார். பிரிட்டிஷ் கைரோபிராக்டிக் சங்கம் அவர் மீது அவதூறு வழக்குத் தொடுத்தது. 2010-இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் தீர்ப்பு அவருக்குச் சாதகமாக அமைந்த பின்னர், சங்கமே வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

ஆய்வுகளும் இதையே காட்டுகின்றன. ஓயாது அழும் கைக்குழந்தைகளுக்குக் கைகளால் செய்யப்படும் இத்தகைய சிகிச்சைகளைப் பற்றிய ஆறு ஆய்வுகளை, மொத்தம் 325 குழந்தைகள் பங்குபெற்றவற்றை, காக்ரேன் அமைப்பு 2012-இல் தொகுத்து மதிப்பிட்டது. அழுகை குறைந்ததாகப் பல பெற்றோர் கூறியிருந்தனர். ஆயினும் தம் குழந்தைக்குச் சிகிச்சை அளிக்கப்பட்டது அவர்களுக்கு முன்பே தெரிந்திருந்ததால் அக்கூற்றை உறுதியான சான்றாகக் கொள்ள இயலவில்லை. கைக்குழந்தையின் அழுகை ஏறத்தாழ ஆறாவது வாரத்தில் உச்சமடைந்து, மூன்று நான்கு மாதங்களில் தானே தணிகிறது. அழுகை மிகுந்திருக்கும் வேளையில்தான் நாம் சிகிச்சையைத் தேடி ஓடுகிறோம். அதன் பின் இயற்கையாக வரும் தணிவைச் சிகிச்சையின் கணக்கில் எழுதிவிடுகிறோம்.

ஆஸ்திரேலியாவில் இரண்டு வார வயதே ஆன குழந்தைக்கு இச்சிகிச்சை அளிக்கும் காணொளி பெரும் எதிர்ப்பைக் கிளப்பியது. அதன் விளைவாக 2019-இல் அந்நாட்டுக் கைரோபிராக்டிக் வாரியமே, இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் முதுகெலும்பைக் கையாள வேண்டாம் என்று தன் உறுப்பினர்களுக்கு அறிவுறுத்தியது. 2023-இல் தளர்த்தப்பட்ட அந்தத் தடை, சுகாதார அமைச்சர்களின் எதிர்ப்பால் 2024-இல் மீண்டும் நடைமுறைக்கு வந்தது.

இவையெல்லாம் அயல்நாட்டுச் செய்தி என்று நாம் ஒதுங்கிவிட முடியுமா? "குழந்தைக்கு உரம் விழுந்திருக்கிறது" என்று கூறி, சேலையிலோ வேட்டியிலோ கிடத்தி உருட்டி 'உரம் எடுக்கும்' வழக்கம் நம் ஊர்களில் நெடுங்காலமாக இருக்கிறது. பெயர்தான் வேறு, எண்ணம் ஒன்றே. இளங்குழந்தையின் கழுத்துத் தசைகளுக்கு வலு போதாது, எலும்புகளில் பெரும்பகுதி இன்னும் குருத்தெலும்பே. கழுத்து ஒருபுறமாகவே சாய்ந்திருந்தால் அது மருத்துவர் பார்க்க வேண்டிய ஒன்று. உருட்டிச் சரிசெய்ய வேண்டியதன்று. மென்மையாக எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும் பாட்டிமாரின் கைப்பக்குவத்தை நாம் மதிக்கிறோம். திருகுவதும், குலுக்குவதும், தலைகீழாகத் தூக்குவதுமே கூடாது என்கிறோம்.

நோய்க்கு மருத்துவம் செய்துகொள்ள மார்க்கம் ஊக்குவிக்கிறது. அதே வேளையில், மருத்துவ அறிவு இல்லாமல் மருத்துவம் செய்பவர் அதனால் நேரும் பாதிப்புக்குப் பொறுப்பாளியாவார் என்பதும் நபி (ஸல்) அவர்களின் போதனையே. அத்தகையோரிடம் குழந்தையை ஒப்படைக்கும் நமக்கு மட்டும் பொறுப்பு இல்லையா? குழந்தை தன் உடலுக்காகத் தானே பேச இயலாத அமானிதம். அதற்காகப் பேச வேண்டியவர்கள் நாமே.

இதில் மற்றோர் ஆபத்தும் மறைந்திருக்கிறது. பெரும்பாலான இரவுகளில் உரத்த குறட்டை, வாயால் மூச்சு விடுதல், உறக்கத்தில் மூச்சு நின்று நின்று வருதல் ஆகியவை டான்சில் அல்லது அடினாய்டு வீக்கத்தின் அடையாளமாக இருக்கலாம். கால்கள் ஓயாது அலைபாய்வதற்கு இரும்புச்சத்துக் குறைபாடு காரணமாகலாம். முதுகைத் திருகுவதில் கழியும் மாதங்களில் இந்த உண்மையான காரணங்கள் கவனிக்கப்படாமல் போகின்றன. பணமும் வீண், காலமும் வீண். குழந்தைநல மருத்துவரிடமே முதலில் செல்ல வேண்டும் என்று நாம் வலியுறுத்துவது இதனால்தான்.

நோயேதும் இல்லையென்றால் அடுத்து ஆராய வேண்டியது நம் வீட்டின் இரவை. அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2016-இல் அளித்த பரிந்துரைப்படி, மூன்று முதல் ஐந்து வயதினருக்குப் பகலுறக்கமும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரமும், ஆறு முதல் பன்னிரண்டு வயதினருக்கு 9 முதல் 12 மணி நேரமும், பதின்ம வயதினருக்கு 8 முதல் 10 மணி நேரமும் உறக்கம் தேவை. நம் பிள்ளைகளின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இரவு பதினொரு மணி வரை கூடத்தில் தொலைக்காட்சி, கையில் கைப்பேசி. காலை ஆறு மணிக்குக் குர்ஆன் மதரஸாவுக்கு எழுப்புகிறோம். கிடைப்பது ஏழு மணி நேரம். பிள்ளை மதரஸாவில் கண்ணயர்ந்தால் சோம்பேறி என்கிறோம். இக்குறைக்கு மருந்து எந்த முதுகெலும்பில் இருக்கிறது?

இஷாவுக்கு முன் உறங்குவதையும் இஷாவுக்குப் பின் வீண்பேச்சையும் நபி (ஸல்) அவர்கள் வெறுத்தார்கள் என்பது நாம் அறிந்ததே. இரவெல்லாம் வணங்க விழைந்த அப்துல்லாஹ் பின் அம்ர் (ரலி) அவர்களிடம்கூட, உடலுக்கும் கண்ணுக்கும் உரிமை உண்டென்று நபி (ஸல்) அவர்கள் நினைவூட்டினார்கள். வணக்கத்திற்கே அந்த வரம்பு என்றால், கைப்பேசிக்கு எத்தகைய வரம்பு வேண்டும்! இஷாவுக்குப் பின் விளக்கைத் தணித்து, கைப்பேசிகளை வேறு அறையில் வைத்து, உளூச் செய்து, உறங்கும் துஆவை ஓதி, நாள்தோறும் ஒரே நேரத்தில் படுக்கும் வழக்கம் வீட்டில் வேண்டும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையை மல்லாந்தே உறங்க வைக்க வேண்டும். இவற்றுக்கெல்லாம் செலவேதும் இல்லை.

சமுதாயத்திற்கும் இதில் பங்குண்டு. திருமண விருந்துகளும் பயான் நிகழ்ச்சிகளும் நள்ளிரவு வரை ஒலிபெருக்கியுடன் நீளும் தெருவில் எந்தக் குழந்தை உறங்கும்? ஜமாஅத் நிர்வாகிகள் நிகழ்ச்சிகளை நேரத்தோடு முடித்துக் கொடுத்தால், அது தெருவிலுள்ள அத்தனை தாய்மார்களுக்கும் செய்யும் உதவியாகும். வீட்டு ஆண்கள் இரவின் ஒரு பகுதியில் குழந்தையைத் தாம் ஏந்திக்கொண்டால், ஐந்து நிமிட அற்புதங்களைத் தேடும் அவசியமே பல வீடுகளில் எழாது.

நம் குழந்தைகளுக்கு நிம்மதியான உறக்கத்தையும், நமக்கு நிதானமான அறிவையும் அல்லாஹ் தந்தருள்வானாக! ஆமீன்.