நாட்டுப்பண்ணில் ஒரு சொல்

நாட்டுப்பண்ணின் சொற்களை மாற்றலாமா? கூடாது என்பதே பலரது முதல் விடை. தலைமுறை தலைமுறையாகப் பாடிவருவதில் கைவைப்பது மரபை மதிக்காத செயல் என்பர். அந்தத் தயக்கம் நியாயமானதே. ஆயினும், ஒரு சொல் பாடுகின்றவர்களில் பாதிப் பேரை விட்டுவிடுமானால், அதனை மாற்றுவதே முறை என்பது என் கருத்து. கனடா அதைத்தான் செய்தது.

கனடா நாட்டுப்பண்ணின் ஆங்கில வடிவம், நாட்டுப்பற்று கொண்டோராக 'மகன்களை' மட்டுமே குறிப்பிட்டு வந்தது. அதனை 'நாம் அனைவரும்' என்னும் பொருள் வருமாறு மாற்ற, மொரில் பெலாஞ்சே என்ற நாடாளுமன்ற உறுப்பினர் ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். கொடிய நரம்பு நோயால் பேசும் ஆற்றலை இழந்திருந்த அவர், ஒரு கருவியின் குரலைக் கொண்டே அவையில் பேசினார். 2016 ஜூன் மாதம் மக்களவை மசோதாவை ஏற்றது. அவ்வாண்டு ஆகஸ்டில் அவர் மறைந்தார். மேலவையின் ஒப்புதலையும் பெற்று, 2018 பிப்ரவரியில் அது சட்டமானது.

எதிர்த்தவர்கள் மரபைக் காட்டினர். எந்த மரபு? 1908-இல் ராபர்ட் ஸ்டான்லி வியர் எழுதிய முதல் வடிவத்தில், அந்த வரியில் 'மகன்கள்' என்ற சொல்லே இல்லை. முதல் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில்தான் அது நுழைந்தது. ஆகவே, 2018-இல் நடந்தது பழைய பொருளுக்குத் திரும்பியதே ஆகும்.

ஆஸ்திரியாவிலும் 2012 முதல் மகன்களோடு மகள்களும் நாட்டுப்பண்ணில் இடம்பெற்றுள்ளனர். அப்பண்ணை எழுதியவர் பவுலா வான் பிரெராடோவிச் என்னும் பெண் கவிஞர்! பெண்ணே எழுதியும் பெண்கள் விடுபட்டனர். வழக்கத்தின் வலிமை அப்படி.

நம் நெகாராகூவுக்கு இச்சிக்கல் இல்லை. அதிலுள்ள 'ராக்யாட்' என்னும் மலாய்ச் சொல் ஆணையும் பெண்ணையும் ஒருசேரக் குறிக்கும். காலைச் சபைகூடலில் பாடும் மாணவனும் மாணவியும் அந்த ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றனர். ஆனால், பண் முடிந்து தமிழில் பேசத் தொடங்கும்போதுதான் சிக்கல் எழுகிறது. பேச்சுப் போட்டிகளில் 'மண்ணின் மைந்தர்', 'காட்டைத் திருத்திய நம் பாட்டன்மார்' என்று முழங்குகிறோம்.

மலாக்காவின் ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா வட்டாரத் தோட்டங்களை எண்ணிப் பாருங்கள். விடியுமுன் பெரட்டுக்கு நின்றவர்களில் நம் பாட்டிமாரும் இருந்தனர். கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் பால்மரம் சீவினர்; பால் வாளியைச் சுமந்தனர்; புல் வெட்டினர். 1930-களில் மலாயாத் தோட்டங்களில் பெண்ணின் நாள்கூலி ஆணின் கூலியைவிடக் குறைவாகவே இருந்தது. 1943-இல் சிங்கப்பூரில் அமைக்கப்பட்ட ஜான்சி ராணிப் படையில், இத்தகைய தோட்டங்களிலிருந்து சென்ற தமிழ்ப் பெண்கள் பலர் சேர்ந்தனர். கூலியில் குறைந்தது போதாதென்று சொல்லிலும் அவர்கள் விடுபட வேண்டுமா?

'மைந்தர் என்றால் பெண்களும் அடக்கம்தானே' என்று சிலர் கேட்கலாம். அப்படியானால், 'மண்ணின் மகளிர்' என்று மேடையில் சொல்லி, ஆண்களும் அதில் அடக்கம் என்று விளக்கிப் பாருங்கள். எந்த மாணவன் ஒப்புக்கொள்வான்?

கனடா பல்லாண்டுகள் வாதிட்டுப் பெற்றதைத் தமிழ் முன்னமே வைத்திருக்கிறது. 'மக்கள்' என்ற சொல் மகனையும் மகளையும் சேர்த்தே குறிக்கும். குடிமக்கள் அனைவரையும் குறிக்கும். 'மண்ணின் மக்கள்' என்றால் மோனையும் கெடுவதில்லை. பாட்டன்மார் என்பதற்கு முன்னோர் உண்டு. 'சகோதரர்களே' என்பதற்கு 'உடன்பிறப்புகளே' உண்டு.

இதற்காக எல்லாச் சொல்லையும் துரத்த வேண்டியதில்லை. 2018-இல் ஜெர்மனியில், நாட்டுப்பண்ணிலுள்ள 'தந்தை நாடு' என்பதைத் 'தாயகம்' என்னும் பொருள்படும் பொதுச்சொல்லாக மாற்றலாம் என்ற யோசனை எழுந்தது, அது ஏற்கப்படவில்லை. நாமும் 'தாய்நாடு' என்கிறோம். ஆண்கள் எவரும் முறையிடுவதில்லை. அது நாட்டைக் குறிக்கும் சொல்; பாடுகின்றவரைக் குறிப்பதன்று. பழம்புலவர்களின் பாடல்களைத் திருத்துவதையும் நான் ஏற்கவில்லை. அவை அவர்களுடைய படைப்புகள்.

பள்ளிப் பண் அப்படியன்று. அது பள்ளியின் உடைமை. உங்கள் பள்ளிப் பண்ணில் 'மைந்தன்', 'மாணவன்' போன்ற சொற்கள் வருமானால், தமிழ்மொழிக் கழகத்தின் அடுத்த கூட்டத்தில் அவற்றை விவாதத்திற்கு எடுக்கலாம். மெட்டுக்குப் பொருந்தும் மாற்றுச் சொல்லையும் கையோடு கொண்டு செல்லுங்கள். கனடாவின் புதிய வரி பாடுவதற்கு இடறுகிறது என்று குறை சொன்னவர்களும் உண்டு.