கவரிங் நகையும் விரலில் பிடிக்கும் பச்சையும்

"கவரிங் மோதிரம் போட்ட விரலில் வளையம் போலப் பச்சை நிறம் பிடித்திருக்கிறது. தேய்த்துக் கழுவியும் போகவில்லை. இந்த நிலையில் வுழூ கூடுமா?" என்று கல்முனைப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டு எழுதியிருக்கிறார்.

பதில் சுருக்கமானது. வெறும் நிறம் தோலில் தங்கியிருப்பது வுழூவுக்குத் தடையாகாது. மருதாணி இட்ட கையின் சிவப்பைப் போன்றதே அதுவும். தண்ணீர் தோலில் படாதவாறு படையாக ஏதாவது ஒட்டியிருந்தால்தான் அதை அகற்ற வேண்டும். பச்சைக் களிம்பு பொருக்காகக் காய்ந்திருந்தால் சுரண்டிக் கழுவிவிடுங்கள். மோதிரம் இறுக்கமாக இருந்தால் அதை அசைத்து, அடியிலுள்ள தோலுக்கும் தண்ணீர் சேரச் செய்ய வேண்டும். தங்க மோதிரத்துக்கும் இதுவே சட்டம்.

மார்க்கக் கேள்விக்கு இவ்வளவு போதும். ஆனால் அதே சகோதரி கடிதத்தின் அடியில் இன்னொரு வரியும் சேர்த்திருக்கிறார்: "வாங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. பழையபடி மின்னச் செய்ய வழி உண்டா?" இதற்கு மௌலவியா பதில் சொல்வது என்று சிரிக்க வேண்டாம். பெண்பிள்ளைகள் உள்ள வீட்டில் இருக்கிறவனுக்கு இவையெல்லாம் கேளாமலே தெரிய வரும். 2022ஆம் ஆண்டின் நெருக்கடியில் எத்தனையோ வீடுகளின் மாலையும் காப்பும் அடகுக்குப் போயின. போனவை எல்லாம் திரும்பி வரவுமில்லை. பவுண் விலை இரண்டு இலட்சம் ரூபாயைத் தாண்டிய பிறகு, செட்டியார் தெருவுக்குப் போய்ப் பழகிய கால்கள் புறக்கோட்டைக் குறுக்குத் தெருக்களின் பக்கம் திரும்பியிருக்கின்றன. இன்று கவரிங் இல்லாத வீடு குறைவு. ஆகவே கேள்வி ஒருவருடையதல்ல.

முதலில் அந்தப் பச்சை எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். கவரிங் நகையின் உடம்பு பெரும்பாலும் செம்பு, பித்தளை அல்லது நாகம் கலந்த உலோகம். அதன் மேலே தங்க முலாம். செம்பும் வியர்வையிலுள்ள உப்பும் ஈரமும் சேரும்போது பச்சைக் களிம்பு உண்டாகிறது. விரலில் பச்சை தெரிகிறதென்றால் அந்த இடத்தில் முலாம் தேய்ந்து செம்பு வெளியே வந்துவிட்டது என்றுதான் பொருள்.

அந்த முலாம் எவ்வளவு மெல்லியது என்று அறிந்தால் மற்றதெல்லாம் தானாகவே விளங்கும். ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கை மைக்ரோன் என்பார்கள். நமது தலைமுடி ஒன்றின் பருமன் ஏறக்குறைய 70 மைக்ரோன். மின்சார முறையில் தங்கம் பூசிய நகை என்று சொல்லி விற்பதற்கு அமெரிக்க வணிக வழிகாட்டி கேட்கும் குறைந்த அளவு சுமார் 0.175 மைக்ரோன். அதாவது அப்படிப்பட்ட பூச்சு 400ஐ ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால்தான் ஒரு முடியின் பருமன் வரும். மலிவு விலை நகைகளில் அதைவிடக் குறைவாகவும் இருக்கும். சிதம்பரம் கவரிங் என்றும் மசூலிப்பட்டினத்து நகை என்றும் இந்தியாவிலிருந்து வருபவற்றில் நல்ல தடிப்பான வேலைப்பாடுகளும் உண்டு. விலையிலேயே வித்தியாசம் தெரியும்.

இப்படிப்பட்ட நகையை எடுத்து நம்மவர்கள் செய்கிற முதல் காரியம் பற்பசை போட்டுத் தேய்ப்பதுதான். இந்தப் பற்பசை வைத்தியத்தை யார் ஆரம்பித்து வைத்தார்களோ! பல்லின் கறையைத் தேய்த்தெடுப்பதற்காகவே பற்பசையில் நுண்ணிய தூள் சேர்த்திருக்கிறார்கள். கறை போவது உண்மைதான்; கூடவே முலாமும் போகும். அன்றைக்குப் பளபளவென்று இருக்கும், அடுத்த கிழமையே முன்னையைவிட மோசமாகக் கறுக்கும். புளி, சாம்பல், வினாகிரி, பித்தளை துலக்கும் பசை, துணி வெளுக்கும் திரவம் எல்லாம் இந்த வகையில்தான் சேரும். நமது உம்மாமார் பித்தளைப் படிக்கத்தைப் புளியும் சாம்பலும் போட்டுத் துலக்கினார்களே என்று கேட்கலாம். படிக்கம் உள்ளும் புறமும் பித்தளை. மேல்தோல் போனாலும் அடியில் இருப்பதும் அதுவே. கவரிங்கில் மேல்தோல்தான் நகை.

சரி, எப்படிக் கழுவுவது? கல்லோ முத்தோ இல்லாத வெறும் உலோகச் சங்கிலி, காப்பு என்றால் கவலையில்லை. ஒரு கோப்பை வெதுவெதுப்பான தண்ணீரில் குழந்தைகளுக்குப் பாவிக்கும் ஷாம்பு இரண்டு துளி விட்டு, நகையை அதில் ஒரு நிமிடம் அலசுங்கள். இடுக்குகளில் எண்ணெயும் பவுடரும் சேர்ந்திருந்தால் மிக மென்மையான பிரஷினால் தொட்டுத் தொட்டு எடுங்கள். அழுத்தித் தேய்க்கக் கூடாது. நல்ல தண்ணீரில் அலசி, பருத்தித் துணியில் ஒற்றி, மின்விசிறிக்குக் கீழே காய விடுங்கள். தண்ணீரில் ஊற வைத்துவிட்டு அடுப்படி வேலையைப் பார்க்கப் போவது இந்த நகைக்கு ஆகாது.

கல் வைத்த நகையின் கதை வேறு. தோடுகளிலும் அட்டியல்களிலும் பதிக்கும் வெள்ளைக் கற்கள் பெரும்பாலும் கண்ணாடி. அவற்றின் மினுக்கம் கல்லின் முதுகில் ஒட்டிய மெல்லிய வெள்ளித்தாள் போன்ற பூச்சிலிருந்து வருகிறது. கல்லுக்கும் குழிக்கும் நடுவில் தண்ணீர் புகுந்தால் அந்தப் பூச்சு கறுத்துப் போகும். பிறகு எந்தத் துணியால் துடைத்தும் பயனில்லை. பசையும் இளகிக் கல் விழும். ஆகவே இவற்றைத் தண்ணீரில் போடவே கூடாது. காது துடைக்கும் பஞ்சுக் குச்சியை நனைத்து, நன்றாகப் பிழிந்து, கல்லின் முகத்தை மட்டும் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றி, முகம் கீழே இருக்கும்படி துவாயின்மேல் கவிழ்த்து வையுங்கள். வெயிலில் காயப் போடுவதும் முடி உலர்த்தும் இயந்திரத்தைப் பிடிப்பதும் பசையை இளக்கிவிடும்.

போலி முத்து என்பது கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் மணியின் மேல் பூசிய மினுக்கம். ஈரத்துணியால் மெதுவாகத் துடைத்தால் போதும். நகப்பூச்சு அகற்றும் திரவம் ஒரு துளி பட்டாலும் அந்த மினுக்கம் உரிந்துவிடும். முத்து மாலையை ஆணியில் தொங்க விடாமல் படுக்கையாக வையுங்கள், நூல் இழுபடாது.

பச்சைக் களிம்பு ஏற்கனவே பிடித்துவிட்டதென்றால் முதலில் மரப் பல்குச்சியால் உலர்ந்தபடியே சுரண்டிப் பாருங்கள். மிஞ்சியதற்கு மட்டும் தேசிக்காய்ச் சாற்றில் பஞ்சுக் குச்சியைத் தொட்டு, அந்தப் புள்ளியில் மட்டும் வைத்து, உடனே தண்ணீரால் துடைத்துவிடலாம். அந்த இடத்தில் முலாம் ஏற்கனவே போய்விட்டதால் இழப்பதற்கு அங்கே ஒன்றுமில்லை. சுற்றியுள்ள நல்ல இடத்தில் சாறு படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். போன முலாம் கழுவி வராது. மீண்டும் முலாம் பூசுகிறவர்களிடம்தான் கொடுக்க வேண்டும். அந்தத் தொழிலில் சயனைட் கலந்த திரவங்கள் பாவிக்கப்படுகின்றன, வீட்டில் முயற்சிக்கிற வேலையல்ல அது.

உண்மையில் கழுவுவதைவிடக் கழுவ வேண்டிய தேவை வராமல் பார்ப்பதில்தான் நகையின் ஆயுள் இருக்கிறது. அத்தர், சென்ட், கிரீம், பவுடர் எல்லாம் முடிந்து காய்ந்த பிறகு கடைசியாக நகையை அணியுங்கள். வீட்டுக்கு வந்ததும் முதலாவதாகக் கழற்றுங்கள். கழற்றிய கையோடு உலர்ந்த மென்மையான துணியால் ஒரு தடவை துடைத்து வியர்வையை எடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. குளிக்கும்போதும் சமைக்கும்போதும் கடலுக்குப் போகும்போதும் வேண்டாம். காத்தான்குடி, புத்தளம் போன்ற கரையோர ஊர்களில் காற்றிலேயே உப்பு இருப்பதால் மேசையில் திறந்து போட்ட நகைகூடக் கறுக்கும். நன்றாகக் காய்ந்த பின் ஒவ்வொன்றையும் தனித்தனிச் சிறு பொலித்தீன் பையில் போட்டு, காற்றை அமுக்கி வெளியேற்றி மூடுங்கள். ஈரத்தோடு மூடினால் பையே எதிரியாகிவிடும். புதுச் சப்பாத்துப் பெட்டிக்குள் வரும் ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலங்களை வீசாமல் நகைப்பெட்டியில் வைக்கலாம், அதைக் குழந்தையின் கைக்கு எட்டவிடாமல். அது கிடைக்காவிட்டால் எங்கள் தொழிலுக்குரிய வெண்கட்டியில் ஒரு துண்டு போதும்.

விலை குறைந்த நகையை அணிவதில் கூச்சப்பட எதுவும் இல்லை. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பயணத்தில் தொலைத்த மாலை தங்கமல்ல, யமன் தேசத்து மணிகளைக் கோத்த மாலை என்று அறிவிப்புகளில் வருகிறது. அதைத் தேடிப் படையே தண்ணீரில்லாத இடத்தில் தங்கிய வேளையில்தான் தயம்மும் உடைய சலுகை இறங்கியது. கூச்சம் எங்கே வேண்டுமென்றால், கவரிங்கைத் தங்கமென்று சொல்வதில். விருந்துக்குப் போட்டுக்கொண்டு போவது வேறு. கல்யாணப் பேச்சில் இத்தனை பவுண் என்று சொல்லிக் கணக்குக் காட்டுவது ஏமாற்று. மஹராகத் தங்கம் என்று ஒப்புக்கொண்டு முலாம் பூசியதைக் கொடுத்த மாப்பிள்ளையின் கடன் தீரவில்லை. உண்மையான தங்கத்தைக் கொடுக்கும் வரை அது அவர் கழுத்தில் இருக்கிறது. இரவல் கொடுப்பவர்களும் இது கவரிங் என்று சொல்லியே கொடுங்கள். தொலைந்து போனால், வாங்கியவர் தங்கத்துக்குத் தவணை கட்டித் துன்பப்படக் கூடாது.

இனிச் சொல்வதைச் சற்று ஊன்றி வாசியுங்கள். தோடு போட்டால் காது சிவந்து, அரித்து, நீர் வடிகிறது என்று மாணவிகள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். "அவளுக்குக் கவரிங் ஒத்துவராது" என்று சொல்லிவிட்டு நாம் சும்மா இருந்துவிடுகிறோம். பெரும்பாலும் அதற்குக் காரணம் நிக்கல் என்னும் உலோகம். செம்பு மேலே ஊறி வராமலிருக்க முலாமுக்கு அடியில் நிக்கல் பூசுவது வழக்கம். வியர்வையில் அது கசிந்து தோலுக்குள் போகிறது. ஒருமுறை ஒவ்வாமை உண்டாகிவிட்டால் பெரும்பாலும் ஆயுள் முழுக்க நிற்கும். பிறகு கைக்கடிகாரத்தின் முதுகும் உடுப்பின் பொத்தானும்கூட அரிக்கும். ஐரோப்பிய நாடுகள் 1994இலேயே இதற்குச் சட்டம் செய்து, தோலில் நீண்ட நேரம் படும் பொருளிலிருந்து சதுர சென்றிமீற்றருக்குக் கிழமைக்கு 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் கசியக் கூடாது என்று வரையறுத்தன. நமது சந்தையில் வாங்கும் தோட்டில் என்ன இருக்கிறதென்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஆகவே காது குத்திய புதிதில், புண் முழுவதும் ஆறும் வரை கவரிங் போடாதீர்கள், குழந்தைக்கு அறவே வேண்டாம். ஒரு சின்னத் தங்க வளையத்துக்கு எப்படியாவது வழி பாருங்கள்.

பெரியவர்கள் தோட்டின் தண்டிலும் மோதிரத்தின் உட்புறத்திலும் நிறமில்லாத நகப்பூச்சைப் பூசிக் காய வைத்து அணிந்தால் கொஞ்ச நாளைக்குத் தடுக்கும். தேயத் தேயத் திரும்பப் பூச வேண்டும். ஏற்கனவே புண்ணானவர்கள் இதை நம்பாமல் நகையைக் கழற்றிவிட்டு வைத்தியரிடம் போக வேண்டும். இன்னொன்று: நகப்பூச்சை நகைக்குப் பூசத்தான் சொன்னேன். விரல் நகத்தில் பூசினால் தண்ணீர் சேராது, வுழூ கூடாது. இதையும் கேட்டு ஒரு கடிதம் வருமென்பதால் முன்கூட்டியே எழுதிவிட்டேன்.

நகையோடு ஸ்கார்ஃப் ஊசியையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. துருப்பிடித்த ஊசி துணியில் கறை விடும், அதை எறிந்துவிடுங்கள். அதைவிட முக்கியம், முக்காட்டைச் சரிசெய்யும்போது ஊசியை உதடுகளுக்கிடையில் கவ்விக்கொள்ளும் பழக்கம். துருக்கி, எகிப்து வைத்தியர்கள் இப்படி வாயில் வைத்த ஊசி சிரிக்கும்போதோ இருமும்போதோ மூச்சுக் குழாய்க்குள் போய்விட்ட இளம்பெண்களைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு காந்தத் துண்டையோ பஞ்சு திணித்த சிறு தலையணையையோ வைத்து, ஊசியை அங்கே குத்தப் பழக்குங்கள்.

கடைசியாகச் சின்னப் பிள்ளைகளின் விஷயம். 2006ஆம் ஆண்டு அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் 4 வயதுச் சிறுவன் ஒருவன் இதய வடிவில் தொங்கும் சிறு உலோகத் துண்டை விழுங்கி இறந்துபோனான். சப்பாத்து வாங்கியபோது இலவசமாகக் கொடுத்த கைச்சங்கிலியின் தொங்கல் அது. பரிசோதித்தபோது 99 வீதம் ஈயம் என்று தெரிந்தது. பின்னர் 2011இல் அமெரிக்கா பிள்ளைகளின் பொருட்களில் ஈயத்தைப் பத்தாயிரத்தில் ஒரு பங்காகக் குறைத்தது. அதே வருடம் ஐரோப்பா நகைகளில் காட்மியத்துக்கும் அதே அளவைத்தான் விதித்தது. நடைபாதையில் பத்துப் பதினைந்து வகையாகத் தொங்கும் நகைகளை யாரும் சோதித்துத் தருவதில்லை. கையில் எடுத்தால் அளவுக்கு மீறிய பாரமாகவும், சாம்பல் நிறமாகவும், கடதாசியில் கீறினால் பென்சில் போலக் கோடு விழுவதாகவும் இருந்தால் பிள்ளைக்கு வாங்க வேண்டாம். அப்படி எதுவும் தெரியாவிட்டாலும் அதில் ஈயம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. வாயில் வைத்துச் சப்புகிற வயதில் எந்த உலோக நகையும் கழுத்தில் வேண்டாம். அறுந்த சங்கிலியையும் கழன்ற மணியையும் பிறகு கோக்கலாமென்று மேசை இலாச்சியில் போட்டு வைக்காமல் மூடியுள்ள போத்தலில் போட்டு உயரத்தில் வையுங்கள். பிள்ளை ஏதாவதொன்றை விழுங்கிவிட்டதென்று சந்தேகம் வந்தால் வாழைப்பழம் கொடுத்துப் பார்ப்போம், நாளைக்கு வெளியே போய்விடும் என்று காத்திருக்க வேண்டாம். அதே நகையில் மிஞ்சிய பகுதியைக் கையில் எடுத்துக்கொண்டு உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். என்ன உலோகம் என்று அறிய வைத்தியருக்கு அது உதவும்.